கலவை இறங்கிய பிறகும் குண்டு தொங்கட்டும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்தைச் சுற்றி இரண்டு வேகங்களில் கட்டடங்கள் எழும்புகின்றன. ஒன்று ஆலைகளின் வேகம். 2010இல் ரெனோ-நிசான் கார் ஆலை, 2012இல் டைம்லர் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலை என்று வளர்ந்து, 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கக்கூடிய பெண் தொழிலாளர் விடுதிவரை அது வந்திருக்கிறது. மற்றொன்று, மாத்தூர், வல்லம், எழிச்சூர் போன்ற ஊர்களில் ஆலைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கட்டப்படும் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகளின் வேகம். முதல் வகையில் பொறியாளர்களும் சோதனைக்கூடங்களும் உண்டு. இரண்டாம் வகையில் ஒரு மேஸ்திரி, ஒரு சென்ட்ரிங் குழு, கம்பி கட்டுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள் மட்டுமே. அந்த இரண்டாம் வகை வீடுகளில் தூணுக்காக அடிக்கப்படும் மரப்பெட்டியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஒரு நாள் நின்று மறுநாள் கழற்றப்படும் அந்தப் பெட்டிதான், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குத் தூண் எங்கே நிற்கும், எவ்வளவு நேராக நிற்கும் என்பதை முடிவு செய்கிறது. தூண் கோணலாகிவிட்டால் பழி பெரும்பாலும் மரத்தின் மேல் விழுகிறது. பலகை பழசு, இரும்புப் பெட்டியாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்கிறார்கள். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டி நேராக இருக்கிறதா என்று நாம் பார்ப்பது கலவை இறங்குவதற்கு முன்னால். பெட்டியின் மேல் விசை வருவதோ கலவை இறங்கும்போது. பார்க்கும் நேரத்தை விசை வரும் நேரத்துக்கு நகர்த்தினால், மரப்பெட்டியே நேரான தூணைத் தந்துவிடும்.

அந்த விசை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒன்பது அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், அதாவது 230 மி.மீ.க்கு 300 மி.மீ. அளவுள்ள தூண், மூன்று மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பிடிக்கும் கான்கிரீட் ஏறக்குறைய அரை டன்தான். ஆனால் இறுகாத கலவை திரவத்தைப் போல நடந்துகொள்கிறது. எல்லாத் திசையிலும் அழுத்துகிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ என்பதால், மூன்று மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 7.2 டன் அழுத்தம். பெட்டியின் அகலமான முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அதை வெளியே தள்ளும் மொத்த விசை மூன்று டன்னைத் தாண்டுகிறது. அரை டன் பொருள் மூன்று டன் விசையைத் தருவது எப்படி? திரவத்தின் அழுத்தம் அதன் மொத்த எடையைப் பொறுத்ததல்ல, உயரத்தைப் பொறுத்தது என்று நெதர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் 1586இலேயே எழுதிக்காட்டினார். அணைக்கட்டின் சுவரை அடியில் தடிமனாகக் கட்டுவது இதனால்தான். அதே கணக்குதான் மாத்தூரில் அடிக்கும் பெட்டிக்கும் பொருந்துகிறது. மேலே உள்ள ஓரடிப் பலகையின் மேல் வரும் விசை சுமார் 32 கிலோ. அடியில் உள்ள ஓரடிப் பலகையின் மேல் 600 கிலோவுக்கு மேல். கலவையை மெதுவாக ஊற்றினால், அடியில் உள்ளது இறுகத் தொடங்கி அழுத்தம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இந்த அளவுத் தூணுக்கு இரண்டு மூட்டை சிமென்ட் கலவைகூட முழுதாக வேண்டாம். இருபது நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்குள் எதுவும் இறுகாது. ஆகவே முழு உயரத்தின் அழுத்தத்தையும் பெட்டி தாங்கித்தான் ஆக வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி, பெட்டியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளை மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் போடக்கூடாது, அடியில் நெருக்கிப் போட வேண்டும் என்பது. அனுபவமுள்ள சென்ட்ரிங் தச்சர்களுக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். கிளாம்பு பற்றாக்குறையான நாளில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே பலகை எவ்வளவு வளையும் என்பது இடைவெளியின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 45 சென்டிமீட்டருக்கு ஒன்று போட வேண்டிய இடத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று போட்டால், மிச்சமாவது நான்கில் ஒரு கிளாம்புதான். வளைவோ மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். பலகை வளைந்தால் தூண் கொஞ்சம் பருக்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். பருப்பது பெரிய கேடில்லை. வளைந்த பலகை மூலையில் வாய் திறக்கிறது. அந்த இடுக்கு வழியாகச் சிமென்ட் பால் ஒழுகுகிறது. ஜல்லி மட்டும் உள்ளே தங்கித் தேன்கூடு விழுகிறது. அழுத்தம் அதிகமான இடம் அடி என்பதால் ஒழுக்கும் அடியில்தான் அதிகம். தூணின் மேல் முழுச்சுமையும் வந்து சேரும் இடமும் அந்த அடிதான். மூலையில் நுரைப் பட்டை வைப்பதும், பலகையை முன்கூட்டியே நனைத்துச் சென்ட்ரிங் ஆயில் பூசுவதும் இந்த இடத்தில்தான் பலன் தருகின்றன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எதிரெதிர் முகங்களில் அழுத்தம் சமமாகத்தானே இருக்கிறது, ஒன்றையொன்று ஈடுகட்டிவிடாதா, பிறகு பெட்டி ஏன் ஒரு பக்கம் சாய்கிறது? கலவையின் அழுத்தம் பெட்டியைப் பிளக்கத்தான் பார்க்கிறது, சாய்ப்பது அதுவல்ல. சாய்ப்பவை அதோடு சேர்ந்து வரும் சின்னச் சின்ன விசைகள். பாண்டு தூக்கி ஊற்றுகிறவர்கள் நிற்கும் சாரம் பெட்டியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். ஏணி ஒரு பக்கமாகச் சாத்தியிருக்கும். கலவை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து விழும். வைப்ரேட்டர் ஊசி பலகையைத் தட்டும். இவற்றை எதிர்த்து நிற்பவை சவுக்கு முட்டுகள். முட்டின் பலமோ அதன் காலடி மண்ணின் பலம்தான். காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். ஏரிக்கரையை ஒட்டிய மனைகளில் களிமண் ஒரு மழைக்கே குழைந்துவிடும். எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள சவுக்குக்கு மண்ணில் கிடைக்கும் இடம் 50 சதுர சென்டிமீட்டர்தான். அடியில் ஓரடிச் சதுரப் பலகை ஒன்றை வைத்தால் மண்ணின் மேல் அழுத்தம் பதினெட்டில் ஒரு பங்காகிவிடும். 45 டிகிரியில் சாய்த்த முட்டின் கால் 5 மி.மீ. இறங்கினால், பெட்டிக்கும் அதே 5 மி.மீ. நகர இடம் கிடைக்கிறது. மனை குறுகல் என்று முட்டை 60 டிகிரிக்கு நிமிர்த்திவிட்டால் அது சுமார் 9 மி.மீ. ஆகும். முட்டு கட்டிய இடம் பெட்டியின் நடுவில் என்றால் உச்சியில் இன்னும் இரண்டு மடங்கு. குறுகிய மனைகளில் இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்று பக்கமும் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு நெருக்குவதால் முட்டுகள் தெருப்பக்கமே குவிகின்றன. எல்லாத் தூணுக்கும் பலவீனமான திசை ஒன்றாகிவிடுகிறது. பன்னிரண்டு தூண்களும் ஆளுக்கொரு திசையில் சாய்ந்தால் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். ஒரே திசையில் சாய்ந்தால் கூடிக்கொண்டேதான் போகும்.

கூடினால் என்ன ஆகும்? சாய்வு வேறு, விலகல் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 40 டன் தாங்கும் தூண் மூன்று மீட்டர் உயரத்தில் 20 மி.மீ. சாய்ந்திருந்தால், அந்தச் சுமையின் ஒரு பகுதி கிடையாகத் திரும்பிச் சுமார் 270 கிலோ விசையோடு மாடியை ஒரு பக்கம் தள்ளுகிறது. பன்னிரண்டு தூண்களும் அதே பக்கம் என்றால் மூன்று டன்னுக்கு மேல். புயல் காற்று ஆண்டுக்குச் சில நாள் தள்ளும். இது வீடு இருக்கும்வரை, இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும். விலகல் என்பது மேல்தூணின் மையம் கீழ்த்தூணின் மையத்தை விட்டுத் தள்ளி உட்காருவது. அப்போது தூணின் ஒரு ஓரத்தில் அழுத்தம் கூடி, எதிர் ஓரத்தில் குறைகிறது. எவ்வளவு கூடும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: விலகலை ஆறால் பெருக்கித் தூணின் அகலத்தால் வகுத்தால் போதும். ஒன்பது அங்குலத் தூணில் 20 மி.மீ. விலகல் ஓர் ஓரத்தின் அழுத்தத்தைப் பாதிக்கு மேல் உயர்த்திவிடும். அதே 20 மி.மீ. ஒன்றரை அடித் தூணில் நடந்தால் உயர்வு நான்கில் ஒரு பங்குதான். நம் வீடுகளில் தூண் சுவருக்கு வெளியே துருத்தக் கூடாது என்பதற்காக ஒன்பது அங்குலத்திலேயே நிறுத்திக்கொள்கிறோம். நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 13920 விதியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு தூணின் சிறிய பக்கத்துக்கே குறைந்தது 300 மி.மீ. கேட்கிறது. சென்னை வட்டாரம் நிலநடுக்க வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மெல்லிய தூணை விரும்புகிறவர்கள்தான் பெட்டியின் நேர்மையில் அதிகக் கண்டிப்பு காட்ட வேண்டும்.

பெட்டி நகர்வதால் வரும் இன்னொரு கேடு கண்ணுக்கே தெரியாதது. கம்பிக்கூடு அடித்தளத்திலிருந்து எழுந்து நிற்கிறது. பெட்டி அதைச் சுற்றி நிற்கிறது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக்கல்லைச் செருகிவிட்டு, அது கலவை விழும்போது நழுவிவிட்டால், பெட்டி 20 மி.மீ. நகரும்போது ஒரு பக்கம் கம்பிக்கு மேல் 60 மி.மீ. கான்கிரீட்டும் மறுபக்கம் 20 மி.மீ. கான்கிரீட்டும் அமைகின்றன. சராசரி 40 மி.மீ. சரியாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் ஊடுருவி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டே போகிறது. அது முன்னேறும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் பாதியானால் கம்பிக்குக் கிடைக்கும் காலம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. 60 ஆண்டு தாங்க வேண்டிய பக்கம் 15 ஆண்டில் துருவைச் சந்திக்கும். வீட்டுக்காரர் கடன் அடைத்து முடிப்பதற்குள் தூணின் ஒரு முகத்தில் வெடிப்பு கோடு போட்டு இறங்கும். மற்ற மூன்று முகங்களும் நன்றாக இருப்பதால் சிமென்ட் கம்பெனியின் மேல் சந்தேகம் போகும். ஒரு நாள் நின்று மறைந்த பெட்டியை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் விதியிலேயே இடம் விட்டிருக்கிறார்களே என்பது பொறியாளர்கள் சொல்லும் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 விதியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒவ்வொரு தூணையும் சுமை குறைந்தது 20 மி.மீ. விலகி வருவதாக வைத்தே வடிவமைக்கச் சொல்கிறது. பெட்டியின் குறுக்களவில் 12 மி.மீ. கூடுதலையும் 6 மி.மீ. குறைவையும் அது பொறுத்துக்கொள்கிறது. சுமைக்கும் பொருளின் வலிமைக்கும் தனித்தனியே பாதுகாப்புக் காரணிகள் இருக்கின்றன. எனவே 20 மி.மீ. கோணலால் ஒரு வீடு சரிந்துவிடாது. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துவது நேர்மையாகாது. 2014 ஜூன் 28 அன்று, இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் மௌலிவாக்கத்தில், பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அங்கேயும் விசாரணையில் முன்னுக்கு வந்தவை வடிவமைப்புக் குறைகள்தான். தூக்குக்குண்டின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. ஆனாலும் இந்த மறுப்பு ஒன்றை மறந்துவிடுகிறது. விதி விட்டுவைத்த இடைவெளி ஒன்றே ஒன்று. அதிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்களோ பலர். கலவை எளிதாக இறங்க வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டுகிறவர் அதிலிருந்து ஒரு பங்கை எடுக்கிறார். தூணின் இடத்தைக் குறிக்க அடியில் முதலில் போடும் சிறு கான்கிரீட் கட்டையான ஸ்டார்ட்டர் இடம் தப்பிப்போனதால் கம்பியைச் சட்டென்று மடக்கி உள்ளே இழுக்கிறவர் இன்னொரு பங்கை எடுக்கிறார். ஆறு பங்கு நீளத்துக்கு ஒரு பங்குக்கு மேல் அப்படி மடக்கக் கூடாது. வாடகை நன்றாக வருகிறதே என்று வரைபடத்தில் இல்லாத ஒரு மாடியை எழுப்புகிற உரிமையாளர் எல்லாரையும்விடப் பெரிய பங்கை எடுக்கிறார். ஒவ்வொருவரும் அந்த இடைவெளி முழுவதும் தமக்கே என்று நம்புகிறார்கள். ஒரகடம் பக்கத்தில் மேலும் மேலும் மாடி ஏற்றுவதே வழக்கமாகிவிட்ட நிலையில், செலவே இல்லாமல் தவிர்க்கக்கூடிய பிழைக்கு அந்த இடைவெளியைச் செலவழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பூச்சு வேலையில் சரியாகிவிடும் என்ற பதிலுக்கு அதிக நேரம் தர வேண்டியதில்லை. பூச்சு கண்ணைத்தான் நேராக்கும். சுமை கான்கிரீட்டின் வழியாக, கம்பியின் வழியாக இறங்குகிறது. அவை நின்ற இடத்திலேயே நிற்கும்.

மரத்தை விட்டுவிட்டு இரும்புக்கோ அலுமினியத்துக்கோ மாறுவதுதான் தீர்வு என்பது வலுவான வாதம். வாடகை இரும்பு ஷீட்டுப் பெட்டிகள் ஏற்கெனவே பல ஊர்களுக்கு வந்துவிட்டன. பலகை வளைவதையும் ஒழுகுவதையும் அவை குறைக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஒரே அளவு அறைகள் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் பெரிய கட்டடத்தில் அலுமினியப் பெட்டி தன் விலையை மீட்டுக்கொள்ளும். நூறு தடவைக்கு மேல் பயன்படும். வல்லத்தில் ஒருவர் கட்டும் வீட்டுக்குப் பன்னிரண்டு தூண். அடுத்த தெருவில் கட்டுகிறவருக்கு வேறு அளவில் பதினாறு தூண். அங்கே அலுமினியத்துக்குக் கணக்கு உதைக்கும். செலவை விடுவோம். பெட்டி எதனால் ஆனது என்பதற்கும் பெட்டி சாய்வதற்கும் தொடர்பு மிகக் குறைவு. சாய்வைத் தீர்மானிப்பவை ஸ்டார்ட்டரும் முட்டும் மண்ணும். ஸ்டார்ட்டர் அரை அங்குலம் தள்ளி அமைந்துவிட்டால், உச்சியாவது கோட்டில் வரட்டும் என்று பெட்டியையே சாய்த்து நிறுத்துவார்கள். இரும்புப் பெட்டியும் அங்கே கோணலாகத்தான் நிற்கும். ஐந்தடிப் பெட்டியை வைத்து இரண்டு தடவையாகத் தூண் போடும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். அதில் அழுத்தம் பாதியாகக் குறைகிறது, கலவை 1.5 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழக் கூடாது என்ற ஐ.எஸ். 456இன் அறிவுரையும் காக்கப்படுகிறது. ஆனால் நேர் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுக்கு இரண்டாகிவிடுகிறது. சொல்லப்போனால் திருத்துவதற்கு மரமே வசதி. ரீப்பர் கட்டையின் பின்னால் ஓர் ஆப்பைத் தட்டி ஒரு நூல், அதாவது மூன்று மி.மீ. நகர்த்தலாம், போதாவிட்டால் இன்னொரு நூல்.

அப்படியானால் எப்போது, எப்படிப் பார்ப்பது? பெட்டியின் உச்சியில் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் ஆணி அடித்து, பலகையிலிருந்து ஒரே தூரம் தள்ளி இரண்டு தூக்குக்குண்டுகளைத் தொங்கவிட வேண்டும். ஒரு முகத்தை மட்டும் பார்த்தால் ஒரு திசையின் சாய்வுதான் தெரியும். ஓரடி ரசமட்டத்தை நம்பக் கூடாது. அதில் ஒரு மி.மீ. பிசகினால் மூன்று மீட்டரில் 10 மி.மீ. ஆகிவிடும். மூன்று மீட்டர் நூலில் தொங்கும் குண்டு ஒருமுறை ஆடிவர மூன்றரை விநாடி ஆகும். காற்றடிக்கும் வெட்டவெளியில் அது எளிதில் நிற்காது. குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் முக்கினால் ஆட்டம் சட்டென்று அடங்கும். இரண்டு முகமும் நேராக இருந்தும் பெட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம்; அதற்காக உச்சியில் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமா என்று பார்க்க வேண்டும். இதுவரை சொன்னதை நல்ல மேஸ்திரிகள் ஏற்கெனவே செய்கிறார்கள். விட்டுப்போவது அடுத்த கட்டம்தான். கலவை பாதி ஏறியதும் ஒருமுறை, முழுவதும் ஏறி வைப்ரேட்டர் வெளியே வந்ததும் ஒருமுறை, அதே நூலில் அதே இடைவெளியை மறுபடியும் அளக்க வேண்டும். குண்டுகளை அவிழ்க்காமல் விட்டிருந்தால் ஒரு தூணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சிமென்டின் ஆரம்ப இறுகல் அரைமணிக்குள் தொடங்கக் கூடாது என்பது தர விதி. அந்த அரைமணிக்குள் ஆப்பைத் தட்டிப் பெட்டியை நிமிர்த்தினால் கலவை கூடவே நகர்ந்து பழையபடி நிறைந்துவிடும். மறுநாள் பெட்டியைக் கழற்றிய பிறகு கண்டுபிடித்தால், ஒன்று இடிக்க வேண்டும், அல்லது பூசி மறைக்க வேண்டும். இரண்டாவதுதான் நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவு எளிதானது ஏன் நடப்பதில்லை என்பதற்கு அறியாமை காரணமல்ல. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானப் பயிற்சி நிலையத்தில் பெட்டி அடிக்கும் தச்சு ஒரு தனித் தொழிலாகவே கற்பிக்கப்படுகிறது. காரணம் கூலி முறையில் இருக்கிறது. சென்ட்ரிங் குழுவுக்குச் சதுர அடிக் கணக்கு; கலவை போடுகிறவர்களுக்கு நாள் கூலி. பெட்டியை அடித்து நேர் காட்டியதும் சென்ட்ரிங் வேலை முடிந்ததாக ஆகிவிடுகிறது. பெட்டிக்கு விசை வரும் அந்த அரைமணியில், ஆப்பை எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்த தச்சர்கள் பல இடங்களில் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். இருக்கிறவர்களுக்கு அதைத் தொடும் உரிமையோ பொறுப்போ இல்லை. பக்கத்து ஆலைகளில் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். பொருளைச் செய்து முடித்தபின் குறை தேடுவதைவிட, செய்யும்போதே அளந்து திருத்த வேண்டும் என்ற எண்ணத்தை 1924இல் அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் ஒரு வரைபடமாக்கினார். அதை இன்னொரு அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானுக்கு எடுத்துச்சென்றார். தரத்துக்காக அவர் பெயரில் ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசை, 1998இல் சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டன் இந்தியாவிலேயே முதலாவதாக வென்றது. அதே நிறுவனத்துக்கு ஒரகடத்திலும் ஆலை இருக்கிறது. அந்த ஆலைகளில் வேலை பார்க்கிறவர்கள் இரவு தூங்கும் வீட்டின் தூணுக்கும் அதே முறை வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சதுர அடிக் கூலியோடு, கலவை போடும் நாளுக்கு ஒரு தச்சரின் முழுநாள் கூலியையும் ஒப்பந்தத்தில் தனியாக எழுதிவிட வேண்டும். அந்தத் தச்சர் கலவைக்கு முன் எடுத்த அளவையும் பின் எடுத்த அளவையும் தூண் எண்ணோடு ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். அடுத்த மாடிக்கு ஸ்டார்ட்டர் போடும்போது, கீழ்த்தூணின் உச்சியைப் பார்த்து வைக்காமல், அந்த நோட்டைப் பார்த்து அடித்தளத்தின் கோட்டுக்கே அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கீழே 8 மி.மீ. கிழக்கே போயிருந்தால் மேலே அது 16 ஆகாமல் அங்கேயே நின்றுவிடும்.